பாடு லிஸ்ட்டுல என் பேரு

...அதெல்லாம் இல்ல டீச்சர், மரியாதைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அதான் பிரச்சனையே! மனுவ வாங்கிக்கினாரு, படிச்சாரு, 'முடியாது சார்'ன்னுட்டாரு. யாரு? எங்க குப்பத்துத் தலைவரு, தமிழ்வாணன். எங்கூட ஏரியில அம்மணமா குதிச்சவன்... இப்ப 'சார்'ங்கறான்!

நல்லா உக்காருங்க. இந்தப் பொன்னேரி பஸ்ஸு இப்பத்திக்குக் கெளம்பாது, டிரைவரு டீ குடிக்கப் போயிருக்காரு. நீங்க பழவேற்காட்டு ஸ்கூலு தானே? தெரியும், தெரியும். நான் கங்காதரன். ரிட்டயர்டு ஐ.ஏ.எஸ்ஸு. ஐயய்யோ, எழுந்துக்காதீங்க! எழுந்தா எனக்குக் கோவம் வரும்... இல்ல, வராது. பழைய பழக்கம், சும்மா சொல்லிப் பாத்தேன்.

முப்பத்திநாலு வருஷம் டீச்சர். பத்தொம்போது டிரான்ஸ்ஃபரு. தர்மபுரில இருந்து டெல்லி வரைக்கும் தண்ணி குடிச்சாச்சு. கடைசியா கோட்டையில செக்ரட்டரி. இன்னா கிழிச்சீங்கனு கேளுங்க. முடிவெடுக்க பயமா இருந்தா, ஃபைலு ஓரத்துல 'பேசுக'ன்னு ஒத்த வார்த்த எழுதித் திருப்பி அனுப்பிடுவேன். கீழ இருக்கறவன் வந்து பேசறதுக்குள்ள எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்துடும்! பாதி சர்வீஸு அப்படியே ஓடிச்சு. இப்ப நான் பேசறேன், கேக்கத்தான் ஆளில்ல. நீங்க மாட்டிக்கினீங்க.

'மாட்டிக்கினீங்க'... பாத்தீங்களா? இந்த 'கினு'வ நாக்குல இருந்து எடுக்கவே மூணு வருஷமாச்சு. டிரெயினிங்குல சிரிப்பானுங்கோ. இப்ப தானா வருது. சந்தோஷமா கீது.

இன்னா கேட்டேன்னா... அதாங்க, பாடு. நீங்க வந்து ஆறு மாசம் தானே, தெரிஞ்சிருக்காது. ஏரியில எறா நல்லா விழற எடம் கீதே, அதான் பாடு. எடம் கொஞ்சம், ஆளு ஜாஸ்தி. அதனால பேரெல்லாம் எழுதி சீட்டுக் குலுக்கி, இன்னிக்கு இந்தாளு வலை போடலாம், நாளைக்கு அந்தாளுனு மொற வெப்பாங்கோ. நைனாவுக்கப்புறம் அவுரு எடத்துல புள்ள பேரு வரும். வர்ற ஞாயித்துக்கெழம குலுக்கறாங்கோ. அந்த லிஸ்ட்டுல என் பேரையும் சேருங்கன்னேன். அவ்ளோதான்!

எறாவுக்காக இல்ல டீச்சர். பென்ஷன் வருதே. தொழிலும் தெரியாது. போன வாரம் தங்கச்சி வூட்டுக்காரரு அர்ஜுனன் கூடப் போனேன். இடுப்பளவு தண்ணி. வலைய வுடுங்கன்னாரு. வலையோட சேந்து நானும் போயிட்டேன்! சேத்துல இருந்து ரெண்டு பேரு புடிச்சுத் தூக்குனாங்கோ. ஒருத்தனும் சிரிக்கல. அதான் வயிறெரியுது! வேற எவனாவது வுழுந்திருந்தா ஒரு மாசத்துக்கு சொல்லிச் சொல்லி சிரிச்சிருப்பானுங்கோ. எனக்கு டவலு எடுத்துக் குடுக்கறானுங்கோ! தங்கச்சி குப்பம்மா கூட, மீன் கொழம்புல தலைய அவங்களுக்கு வெச்சுக்கினு, நடுத்துண்டா பொறுக்கி எனக்கு வெக்கறா. விருந்தாளிக்கு வெக்கற மாதிரி.

குலுக்கும்போது நைனா பேரோட சேத்துக் கூப்புடுவாங்கோ. 'ஏழுமலை மவன் அர்ஜுனன்!' அவுரு 'கீறேன்!'ம்பாரு. அந்த ஒத்த வார்த்தைய நான் சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்.

விதி கீதாம்! இன்னா விதி? 'அரசு வேலைக்குப் போனவன் பேரு பாடு லிஸ்ட்டுல இருந்து நீக்கப்படும். திரும்பச் சேர்க்கப்பட மாட்டாது.' இன்னா அநியாயம் பாருங்க! எவன் எழுதுன விதினு கேளுங்க... கேளுங்களேன்.

நான் தான்.

எனக்கு அப்ப இருபத்தெட்டு வயசு. லீவுல வந்தேன். பாடு எடத்துக்காக ரெண்டு பங்காளிக் கூட்டம் அடிச்சிக்கினு கெடந்தாங்கோ. 'நம்ம ஊரு புள்ள, பெரிய படிப்பு, அவரே எழுதட்டும்'னாங்கோ. பதினாறு விதி எழுதுனேன். நான் நடுநிலைனு காட்டணுமே! அன்னிக்கு ஊர்ல அரசு வேலைக்காரன்னா ஒருத்தன் தான். எல்லாரும் பாக்க, என் பேர நானே பேனாவால அடிச்சேன். கைதட்டல்னா கைதட்டல்! எங்க நைனா மட்டும் தட்டல. எழுந்து வலை காயப் போடப் போயிட்டாரு. எனக்கிருந்த பெருமையில அது ஒண்ணும் ஒறைக்கல டீச்சர்.

மந்திரிங்களுக்கு எத்தினி ஆர்டரு எழுதிக் குடுத்திருப்பேன்! ஒவ்வொண்ணுலயும் பின்பக்கமா நுழைய ஒரு சந்து வெப்பேன். 'சிறப்பு நேர்வுகளில்'னு ஒரு வரி போட்டா போதும், யானையே போவும். சந்து வெக்காம எழுதுன ஒரே ஆர்டரு இதான். தமிழ்வாணன் அத பிளாஸ்டிக் கவருல போட்டு இன்னும் வெச்சிருக்கான். 'ஒருத்தருக்காக மாத்துனா நாளைக்கே ஊரு ரெண்டாயிடும் சார்'ங்கறான். ரைட்டு தான். அவன் சொல்றது ரைட்டு தான்.

ஆனா ஞாயித்துக்கெழம அவசியம் வரணுமாம். நான் தான் சிறப்பு விருந்தினராம்! பாடு உள்ளவங்கல்லாம் மணல்ல உக்காருவாங்கோ, எனக்கு மட்டும் நாற்காலி, சால்வை. நாற்காலிக்குத்தானே முப்பத்திநாலு வருஷம் அலைஞ்சேன்... இன்னா டீச்சர், முன்னாடி லேடீஸ் சீட்டுக்கா? போங்க, போங்க, காத்தாட உக்காருங்க...

எனக்கு அந்த மணல்ல உக்காரணும் டீச்சர்.