வாசு அண்ணே

கிள்ளானில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள்.

"கட்டி வச்சிட்டு, இப்ப ஆள் மாறிப்போச்சுன்னு சொல்றாங்க லா," என்றாள் கண்ணாடி போட்டவள்.

யார் வீட்டு விவகாரமோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். கடைசியில் ஒரு நாவல் விவகாரம். நாயகி நளினியை டாக்டருக்குக் கொடுத்தது தப்பு, லோரி ஓட்டும் வாசுவுக்குத்தான் கொடுத்திருக்கணும் என்று அதை எழுதியவரே பேட்டியில் சொல்லிவிட்டாராம்.

"அது எப்படி?" என்றாள் நீலச் சுடிதார்க்காரி. "கதை முழுக்க வாசு அண்ணே, வாசு அண்ணேன்னுதானே கூப்பிடுறா?"

"இங்க யாரைத்தான் நாம அண்ணேன்னு கூப்பிடல? பாசார்ல மீன் வாங்குறப்ப என் வீட்டுக்காரரையே அப்படித்தான் கூப்பிட்டேன். அவர்தான் மீன் வித்தவரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கூப்பிடுறதை நிறுத்திட்டேன்."

நீலச் சுடிதார்க்காரி சிரிக்கவில்லை. ரயில் பிரிக்ஃபீல்ட்ஸை நெருங்கும்போது கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவ்வளவுதானா? ஒருத்தரு வந்து என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டப்ப, உங்கள அண்ணேன்னு கூப்பிட்டுட்டேனேன்னு சொல்லி நான் அனுப்பிட்டேன்டி."