ராணியின் குரல்

தேநீர் ஆறிவிட்டது, பரவாயில்லை ஐயா. எனக்குச் சூடாக எதுவும் ஒத்துக்கொள்ளாது. அக்காதான் எப்போதும் ஆற்றிக் கொடுப்பாள்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். பூச்சி ஆய்வகத்தில் நீலப் பட்டாம்பூச்சிகளை வளர்க்கிறேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. அவற்றின் புழு சில வாரம் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். அந்த வழியாக வரும் எறும்பு, தன் குஞ்சு என்று எண்ணிப் புற்றுக்குத் தூக்கிப்போகும். வாசனை அப்படி. உள்ளே போனதும் ராணி எறும்பைப் போலவே சத்தமிடும். அதைச் சிறு மைக் வைத்துப் பதிவு செய்வேன். இரை குறைந்தால் எறும்புகள் தங்கள் குஞ்சுகளையே கொன்று அதற்கு ஊட்டும். நான் வளர்க்கும் வகைப் புழு தானாக எந்தக் குஞ்சையும் கடிப்பதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மா போனபிறகு அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். மாமா தமாஷானவர். "இந்த வீட்டுல ரெண்டு குழந்தைங்க. ஒண்ணுக்கு மீசை முளைச்சிருச்சு" என்பார். "சாப்பிடுற பிள்ளையச் சீண்டாதீங்க" என்பாள் அக்கா.

அக்கா மகள் பாப்பாவுக்கு நாலு வயதில் இளைப்பு வந்தது. அக்கா எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவாள். பாப்பா மூச்சு விடும்போது கடைசியில் ஒரு சின்ன விசில் வரும். கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது. ஒருநாள் குளியலறையில் செய்துபார்த்தேன். அக்கா கதவைத் தட்டினாள்.

"டேய், உனக்குமாடா?"

அன்றிலிருந்து வீட்டிலிருந்த ஒரே நெபுலைசர், மருந்தைப் புகையாக்கித் தரும் அந்த இயந்திரம், எனக்கும் பாப்பாவுக்கும் பொதுவானது.

போன மாதம் மாமா சொன்னார்: "மச்சான், அடுத்த மாசத்துக்குள்ள தனியா ஒரு ரூம் பாத்துக்க. ரெக்க முளைச்சா பறக்கணும்ல?" எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு விஷயம் தெரியாது. பட்டாம்பூச்சியாகிவிட்டால் அந்த வாசனையும் குரலும் போய்விடும். ஊட்டி வளர்த்த எறும்புகளே கடிக்க வரும்.

வியாழக்கிழமை மதியம் பாப்பா பின்னறையில் பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். விசில் கேட்டது. அக்கா குழாயடியில் இருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து அதைவிடச் சத்தமாக இளைத்தேன். அக்கா ஈரக்கையோடு ஓடிவந்து நெபுலைசர் மாஸ்க்கை என் முகத்தில் வைத்தாள்.

"காத்து அடிக்குதுக்கா. பின்ரூம் கதவச் சாத்திரு."

"பாப்பா என்ன பண்றா?"

"இப்பத்தான் தூங்குனா."

சாத்தினாள். மருந்து தீர்ந்ததும் இன்னொன்று போடச் சொன்னேன். இயந்திர இரைச்சலில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. எனக்குக் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

பதிவுக் கருவியை வீட்டு அலமாரியில் அணைக்காமல் விட்டது என் தவறுதான். அதில் இரண்டு விசில் கேட்பதாகச் சொல்கிறீர்கள். உங்களுக்கு நல்ல காது.

ஆனால் நான் பாப்பாவைத் தொடவில்லை ஐயா. கதவைச் சாத்தியதும் அக்காதான்.

அவள் வெளியே பெஞ்சில் இருக்கிறாள். பாப்பா போனதிலிருந்து மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் மருந்துப் பையை மட்டும் மறக்காமல் எடுத்து வந்திருக்கிறாள். இதையெல்லாம் அவளிடம் சொல்லவேண்டாம், தாங்கமாட்டாள். எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை.

இந்த அறையில் தூசு அதிகம். லேசாக இளைக்கிறது. அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அவளுக்குக் கேட்கட்டும்.