சர்க்கரை இல்லாத பாட்டில்

சூடான காபியை அப்படியே ஐஸ்கட்டிமேல் ஊற்றித்தான் நிறையப் பேர் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். ஐஸ் உருகிவிடும், காபி நீர்த்துப் போகும், அதன்பிறகு எவ்வளவு கேரமல் ஊற்றினாலும் ருசி வராது. நான் முந்தின நாளே காபியைக் கடும் கசப்பாக இறக்கி, ஆறவைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுவேன். மறுநாள் அந்தக் காபிக்கட்டிகளைப் பாலோடு சேர்த்து மிக்ஸியில் அடித்தால் நுரையும் கெட்டியுமாகத் திரண்டு வரும். உறிஞ்சுகுழலை நட்டு நிறுத்தினால் சாயாமல் நிற்கும்.

நீங்கள் பாட்டிலைப் பற்றித்தான் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் வெண்டெல் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளாமல் பாட்டிலை மட்டும் கேட்டால் உங்களுக்குத் தப்பாகத்தான் படும்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் லாரிதான் ஓட்டினார். எங்கள் ஊர் யக்கிமாவிலிருந்து ஆப்பிள் ஏற்றிக்கொண்டு சிகாகோ போவார், அங்கே வேறு சரக்கு கிடைத்தால் இன்னும் கிழக்கே போவார். எங்கள் மகள் ஷெல்பி பிறந்தபோது அவர் நெப்ராஸ்காவில் இருந்தார். என் அம்மாவைப் புதைத்த அன்று ஓஹாயோவில் இருந்தார். நான் குறை சொல்லவில்லை. குடிகாரர் இல்லை, கைநீட்டுகிறவர் இல்லை. வீட்டுக்கு வந்தால் துணியைத் துவைத்துக்கொள்வார், தூங்குவார், பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, "கொஞ்ச நாள் போயிட்டு வந்துடறேன் லோர்னா" என்பார். முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் அதிகம் சொல்லப்பட்ட வாக்கியம் அதுதான்.

ஊர் எல்லையில் பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் காரில் இருந்தபடியே காபி வாங்குகிற ஒரு குடிசைக்கடை இருந்தது. ஒவ்வொரு பயணம் முடிந்தும் அவர் முதலில் நிற்பது அங்கேதான். கேரமல் வழிகிற பெரிய கோப்பையோடுதான் வீட்டுக்குள் நுழைவார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். கைலீ என்கிற பெண் ஜன்னல் வழியாகக் குனிந்து, "என்ன வெண்டெல், வழக்கமானதுதானே? கேரமல் தூக்கலா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "யாரு இது, உன் அக்காவா? சொல்லவே இல்லியே" என்றாள். வேடிக்கைக்குச் சொன்னதுதான். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் புருஷனுக்கு எது எவ்வளவு தூக்கலாக வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த வாரமே நல்ல மிக்ஸி ஒன்று வாங்கினேன்.

கைக்குப் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. சர்க்கரையைக் கனத்த பாத்திரத்தில் போட்டு, கரண்டி போடாமல், பாத்திரத்தை மட்டும் சுழற்றிச் சுழற்றி உருக்க வேண்டும். தேன் நிறம் தாண்டி, புகை கிளம்புவதற்கு ஒரு மூச்சு முன்னால் வெண்ணெயும் பாலாடையும் சேர்க்க வேண்டும். பொறுமையில்லாதவர்களுக்கு அது வராது. முதல்முறை சரியாக வந்த அன்று அவர் பாதிக் கோப்பையை ஒரே இழுப்பில் குடித்துவிட்டு, "கைலீ இனிமே கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் நேராக வீட்டுக்குத்தான் வந்தார்.

அப்புறம் சர்க்கரை நோய் வந்தது. லாரிக்காரர்களுக்கு வழக்கமாக நடக்கும் உடல் பரிசோதனையில் தெரிந்தது. கட்டுக்குள் வரும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் பயந்துபோனார். பீரை விட்டார், ரொட்டியை விட்டார், வேகவைத்த கோழியும் பீன்ஸுமாகத் தின்றார். இந்தக் காபியை மட்டும் விட முடியவில்லை. நான் கடையிலிருந்து சர்க்கரை இல்லாத கேரமல் பாட்டில் வாங்கி வந்தேன். முதல் வாயிலேயே அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் நல்லாயிருக்கிறது என்றுதான் சொன்னார். அவ்வளவு நல்ல மனிதர்.

அந்தக் கோடைக்காலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் இருந்தார். காலையில் எழுந்தால் சமையலறையில் அவர் செருமுகிற சத்தம் கேட்கும். பிற்பகலில் இரண்டு பேரும் வாசல் நிழலில் உட்கார்ந்து காபி குடிப்போம். எதிரே பீருக்குப் போடுகிற ஹாப்ஸ் கொடிகள் கம்பிமேல் ஏறிக்கொண்டிருக்கும். துணி மடிக்கக் கற்றுக்கொண்டார். எனக்குக் கீரை பிடிக்காது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார். கல்யாணம் என்று மற்றவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆனால் அவர் தேறிக்கொண்டே வந்தார். இப்படியே போனால் இலையுதிர் காலத்தில் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் லாரியின் கண்ணாடிகளைத் துடைக்க ஆரம்பித்தார். சீட்டியடித்துக்கொண்டே துடைத்தார். நான் உள்ளே போய், சர்க்கரை இல்லாத கேரமலைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பாட்டிலை வெந்நீரில் கழுவிக் காயவைத்தேன். பிறகு அடுப்பில் பாத்திரத்தை வைத்தேன்.

நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கேட்டபோதெல்லாம் பாட்டிலைத்தான் எடுத்துக் காட்டினேன். அதில் அச்சடித்திருந்ததை அவரே படித்துக்கொண்டார்.

"என்ன பண்ணின? முன்ன மாதிரி இல்ல. இப்போ நல்லாருக்கு" என்றார்.

"நாக்கு பழகியிருக்கும்" என்றேன்.

அவர் வண்டி ஓட்டப் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். ஒரு பருவம், போனால் இன்னொரு பருவம். ஆனால் அவர் இலையுதிர் காலத்துப் பரிசோதனையில் தோற்றார், அடுத்ததிலும் தோற்றார், பிறகு லாரியை விற்கும்படி ஆயிற்று. வாங்கியவன் ஓட்டிக்கொண்டு போனபோது அவர் பாதையில் நின்று அழுதார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். என்மேல் சாய்ந்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

அடுத்து காலில் புண். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள். கண் மங்கிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ராமோனாவைக் கேட்டுப்பாருங்கள், கட்டு மாற்றுவதில் நான் ஒரு குறை வைத்ததில்லை. இன்சுலின் ஊசியை ஒருநாளும் மறந்ததில்லை. "உங்கள மாதிரி ஒருத்தர் கிடைக்க வெண்டெல் குடுத்து வச்சிருக்கணும்" என்று அவள் வாயாலேயே சொன்னாள்.

அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். எங்கே தப்பு செய்கிறோம் என்று தெரியாமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனார். பாதி ஆப்பிளை எடுத்தால்கூடக் குற்றவாளி மாதிரி திரும்ப வைத்துவிடுவார். ஷெல்பியிடம் போனில், "உங்கம்மா இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பேன்மா" என்று சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். கேட்டுக்கொண்டே காபி அடித்துக்கொண்டிருந்தேன்.

நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லையா என்கிறீர்கள். தோன்றியது. பாதத்தை எடுத்த பிறகு சில நாள் கடைச்சரக்கையே ஊற்றினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டார். இருந்த ஒரே சந்தோஷத்தையும் பறித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

இந்தக் கோடையில் எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷனில் ஏதோ சிக்கல், உடனே அனுப்பவில்லை. ஷெல்பி தான் குடியிருக்கும் பாய்சீயிலிருந்து வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குக் காபி அடிக்கத் தெரியாது. தண்ணீரும் சூப்பும்தான் கொடுத்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அவர் முகச்சவரம் செய்துகொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். என் சட்டை என்ன நிறம் என்று பார்த்துச் சொன்னார். புண் காய ஆரம்பித்திருந்தது. கையில் பொத்தான் மாதிரி ஒரு கருவியை ஷெல்பி ஒட்டியிருந்தாள். ஊசி குத்தாமலே சர்க்கரையைக் காட்டுமாம்.

ஷெல்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை, அவர் முன்னாலேயே சொன்னாள். பாய்சீயில் நல்ல கண் டாக்டர் இருக்கிறார், பார்வை ஓரளவு திரும்பும் என்கிறார், அப்பா தன்னோடு வந்து இருக்கட்டும் என்றாள். "நீயும் ரெஸ்ட் எடும்மா. எவ்வளவு வருஷமா ஒத்தையா தூக்கிச் சுமக்கிற" என்றாள். அவள் என்மேல் அன்பாகத்தான் சொன்னாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "கொஞ்ச நாள் போயிட்டு வந்துடறேன் லோர்னா" என்றார். குரலில் சீட்டியடிக்கிற மாதிரி ஒரு துள்ளல் இருந்தது.

அறையைத் தயார்செய்ய ஷெல்பி முன்னால் கிளம்பிப் போனாள், வார முடிவில் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. அவள் கார் திருப்பத்தில் மறைந்ததும் நான் மிக்ஸியை எடுத்தேன். இந்தத் தடவை கேரமலைத் தாராளமாகவே ஊற்றினேன். மறுநாள் அவள் போன் செய்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன குடுத்த? ஏறிக்கிட்டே போகுது."

அந்தப் பொத்தான் அவள் போனுக்கும் சேதி அனுப்பும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒட்டு தளர்ந்திருக்கிறது, தப்பாகக் காட்டுகிறது என்று சொன்னேன். பிறகு அவரைக் குளிப்பாட்டும்போது அதைப் பிடுங்கினேன். வலித்தது போலும், கையை இழுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். குளிக்கும்போது கழன்றுவிட்டது என்று ஷெல்பிக்குச் சொன்னேன். புதிதாக ஒன்று கொண்டுவருகிறேன் என்றாள். ராமோனாவை வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வெயிலில் அவளை எதற்கு அலையவைக்க வேண்டும் என்றேன்.

அந்த வாரம் வெயில் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். மலையில் காடு எரிந்த புகை வேறு. ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

ஷெல்பி சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். நான் போனை எடுக்காததால் பயந்து கிளம்பியிருக்கிறாள். அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது, அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுது முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தாள். பாட்டில் மேடைமேல் இருந்தது. அதன் கழுத்தைச் சுற்றி எறும்பு. அவள் பாட்டிலைத் திருப்பி அதில் எழுதியிருந்ததைப் படித்தாள். விரலில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள்.

"சர்க்கரை இல்லாததுக்கு ஏம்மா எறும்பு வருது?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

நான் ஈரத்துணி எடுத்து, பாட்டிலை வாங்கி எறும்பைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் என் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போய், காரில் உட்கார்ந்து உங்களைக் கூப்பிட்டாள். நான் அவளைத் தடுக்கவில்லை. அவள் அப்பாவின் பெண். அவளுக்கும் எப்போதும் கிளம்புகிற அவசரம்.

கடைசி நாள் ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்றுதானே மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். கூப்பிட்டிருந்தால் கொண்டுபோயிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் தேற்றியிருப்பார்கள். அங்கிருந்து நேராகப் பாய்சீ. இது யோசித்தால் யாருக்கும் தெரிகிற விஷயம்.

காலையிலிருந்தே அவருக்கு அடங்காத தாகம். நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. நான் புதிதாக அடித்து, குழலை உதட்டில் வைத்தேன். குடித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி தாகம் என்றார். மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை கோப்பையைக் கையால் தள்ளினார். "இது வேணாம் லோர்னா. தண்ணி குடு. வெறும் தண்ணி" என்றார். குழாய் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நான் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, குழலை மறுபடியும் வாயில் வைத்தேன். கண் மங்கியவர், எது என்று தெரியாமல் முதலில் இழுத்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். கோப்பை காலியாகும்வரை நான் கரண்டியால் கொடுத்தேன். மூச்சு ஆழமாக, வேகமாக வந்தது, பழம் அழுகிய மாதிரி ஒரு வாசனையோடு. கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஷெல்பி கூப்பிட்டு என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதன் வாயை அடைத்துவிட்டு, அவர் பக்கத்தில் படுத்து, மூச்சு நிற்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நான்தான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஷெல்பியைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவள் அப்பாவுக்குப் பிடிக்காத எதையும் நான் கொடுத்ததில்லை. என் கையால் கொடுத்ததை அவர் ஒருதடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.