தடிச்சுப்போன விரல்

கிள்ளான் கொமியூட்டர் ரயிலில் எனக்கு எதிரே தாதிச் சீருடையில் இரண்டு பெண்கள். இளையவள் தன் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹார்ப் கம்பி மீட்டக் கத்துக்க ஆரம்பிச்சு மூணு மாசம்தான்க்கா. முதல்ல கொப்புளம், இப்பத் தோல் தடிச்சுப் போச்சு."

"அதனாலதான் இன்னிக்கு வார்டுல ரத்தம் எடுக்க அந்த அங்கிளை நாலு தடவை ஊசியால குத்துனியா?"

"நரம்பு கையில தட்டுப்படலக்கா."

மூத்தவள் சட்டைக் கையை மடித்து நீட்டினாள். "கண்ணை மூடிக்கிட்டுத் தேடு."

ஷா ஆலம் ஸ்டேஷன் வந்து போனது. அழுத்தி அழுத்திப் பார்த்த விரல் ஓரிடத்தில் நின்றது. பச்சை நரம்பு அரை இஞ்ச் தள்ளி இருந்தது எனக்கே தெரிந்தது.

"இங்கதானேக்கா?" கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

மூத்தவள் சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"நாளைக்கு ரத்தம் நான் எடுக்கிறேன் லா. நீ ட்யூப்ல லேபல் ஒட்டு."