கைகொடு, கவிழ்

எனக்குத் தோற்கப் பிடிக்காது. அதனால்தான் விளையாட்டுகளை ஆடுவதை விட்டுவிட்டு உருவாக்க வந்தேன்.

அது இருவர் ஆடும் அட்டை விளையாட்டு. ஆளுக்கு இரண்டு அட்டை: 'கைகொடு', 'கவிழ்'. இருவரும் கைகொடுத்தால் ஆளுக்கு மூன்று புள்ளி. ஒருவர் மட்டும் கவிழ்த்தால் அவருக்கு ஐந்து, மற்றவருக்குப் பூஜ்யம். இருவரும் கவிழ்த்தால் ஆளுக்கு ஒன்று. அறிவுள்ளவர் கவிழ்த்தே தீருவார் என்கிறது ஆட்டக் கோட்பாடு.

சோதித்துப் பார்க்க அக்காவையும் மாமாவையும் உட்கார வைத்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடம். இருபது சுற்றிலும் கைகொடுத்தார்கள்.

"ஒரு தடவகூட கவுக்கத் தோணலயா?"

"எதுக்குடா? அவர் மூஞ்சி சுருங்கிப் போயிடும்" என்றாள் அக்கா.

"ஜெயிச்சுட்டு நான் எங்க போய்க் குடியிருக்கறது, மாப்ள?" என்றார் மாமா.

பாசத்தைக் கோட்பாடு கண்டுகொள்ளாமல் இருக்கலாம். என்னால் முடியாது; யாரும் கவிழ்க்காத ஆட்டத்தை எவரும் வாங்க மாட்டார்கள். ஒரு விதி சேர்த்தேன்: வென்றவர் கேட்கும் ஒரு கேள்விக்குத் தோற்றவர் உண்மையைச் சொல்ல வேண்டும். அப்போதும் கைகொடுத்தார்கள். பிடிவாதக்காரர்கள்.

மறுநாள் சமையலறையில் அக்காவிடம் சொன்னேன்: "கடைசிச் சுத்துல மாமா கவுக்கப் போறார். எங்கிட்ட சொன்னார்."

அன்றைய ஆட்டத்தில் அக்கா முந்திக்கொண்டு கவிழ்த்தாள். ஜெயித்ததும் கேட்டாள்: "எங்கிட்ட எதையாவது மறைச்சிருக்கீங்களா?"

மாமா வெகுநேரம் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "உங்கம்மா தவறிப்போனப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

எனக்கும் அம்மாதான். ஆனாலும் நோட்டில் குறித்துக்கொண்டேன்: சுவாரசியம், பத்துக்கு ஒன்பது.

அடுத்த நாள் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மாமாவிடம் அதையே சொன்னேன், அக்கா பெயரைப் போட்டு. அன்று அவர் ஜெயித்தார். அவர் கேட்டதை இங்கே எழுத வேண்டாம். அக்கா பதில் சொல்லிவிட்டாள். நான்காம் நாள் இருவரும் முதல் சுற்றிலிருந்தே கவிழ்த்தார்கள், கோட்பாடு சொன்னபடி. மாத முடிவில் மாமா அலுவலகத்துக்குப் பக்கத்தில் தனி அறை எடுத்துக்கொண்டார்.

ஆட்டம் நன்றாக விற்கிறது.

மாமா என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அக்காவும்தான். இதை நான் மறைக்கவில்லை. அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது இருவரும் தனித்தனியே போன் செய்கிறார்கள். "அவர் ஒரு வார்த்த கூப்பிட்டா போயிடுவேன்டா" என்கிறாள் அக்கா. "அவ வான்னா வந்துடுவேன், மாப்ள" என்கிறார் மாமா. இருவருக்கும் ஒரே ஆலோசனைதான் தருகிறேன்: "மொதல்ல அங்கேருந்து வரட்டும்."

இரண்டாம் பதிப்பில் காத்திருப்பதற்கும் புள்ளி உண்டு. எத்தனை நாள் தாங்குவார்கள் என்று குறித்து வருகிறேன். ஒருவர் பக்கம் சாய்ந்தான் என்று நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.