மரியாதை விகுதி

நாற்காலிகளை வரிசையாகப் போடுவது எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டரம்மா. எங்கள் தேவாலயப் பங்கில் எந்தக் கூட்டம் என்றாலும் அரை மணி நேரம் முன்னதாகப் போய்ப் போட்டுவிடுவேன். அதைப் பார்த்துத்தான் பங்குத்தந்தை என்னைச் சிறுவர் பாதுகாப்புக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கினார். சம்பளம் கிடையாது. ஒருநாள் பயிற்சி, மதியச் சாப்பாடு, பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ். குழந்தைகளைக் காப்பாற்ற அது போதும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை.

மூன்று வருடம் "புகார் ஏதும் இல்லை" என்று ஆயர் இல்லத்துக்கு எழுதினேன். முன்மாதிரிப் பங்கு என்று பாராட்டு வந்தது. ஒன்றும் நடக்காத பங்குக்கும் ஒன்றும் எழுதாத பங்குக்கும் அங்கே ஒரே பாராட்டுதான்.

நான்காம் வருடம் தையற்காரம்மா ஒரு படிவத்தோடு வந்தார். பதினொரு வயது மகள் தன் கையாலேயே எழுதியிருந்தாள். பாடகர் குழுவின் பாட்டு மாஸ்டர், எல்லோரும் போனதும் அவளை மட்டும் நிற்கச் சொன்னான், கதவைத் தாழ்ப்பாள் போட்டான். அதற்குக் கீழே இன்னும் நான்கு வரி.

அன்றே ஆயர் இல்லத்துக்கும் உங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்பது விதி. விதி எனக்குத் தெரியும். ஆனால் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவன் நான். கண் முதலில் அங்கேதான் போகும்.

"சொன்னான், போட்டான்னு எழுதியிருக்காளே. பெரியவங்களுக்கு 'ர்' போட வேண்டாமாம்மா?"

"வேணும்னேதாண்ணே எழுதியிருக்கா. அந்தாளுக்கு எதுக்கு மரியாதைங்கறா."

"கோபத்துல எழுதினா யாரு நம்புவாங்க? மாத்தி எழுதிக் கொண்டாங்க."

'போட்டார்' என்று மாற்றி வந்தது. ஆனால் பெயரைப் போட்டால் நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடாதா? தமிழில் எழுவாய் இல்லாமலும் வாக்கியம் நிற்கும். 'கதவு தாழிடப்பட்டது' என்று எழுதச் சொன்னேன். மூன்றாவது தடவை, 'தாழிடப்பட்டதாகக் கூறப்படுகிறது'. இதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. நடுவில், பாட்டு வகுப்பை நிறுத்திவிடட்டுமா என்று தாய் கேட்டார். நிறுத்தினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பிள்ளையின் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார்.

நான்காவது பிரதியை, ஒருதலைப்பட்சமாக இருக்கக் கூடாதே என்று, பாட்டு மாஸ்டரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். உட்கார வைத்து டீ கொடுத்தார். நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டினார். நல்ல தமிழறிவு உள்ள மனிதர். அடியில் அவள் பெயர் இருந்தது. மறைத்திருக்கலாமே என்கிறீர்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் அது தோன்றுகிறது.

அந்த வாரமும் அவள் வகுப்புக்குப் போனாள். அன்றிலிருந்து பேச்சு நின்றுவிட்டதாம். இப்போது மருத்துவமனையில் இருக்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள். படிவத்தை அனுப்பாதவன் நான். அவனிடம் காட்டியவன் நான். அவளை வகுப்புக்கு அனுப்பச் சொன்னவனும் நான்தான். பார்த்தீர்களா, 'அவனிடம்' என்று வந்துவிட்டது. 'அவரிடம்' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது பிரதியில் ஒரு பிழை கிடையாது. கையெழுத்து வாங்க நேற்று மருத்துவமனைக்கே போனேன். பேனாவை நீட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையும் கொஞ்சம் ஒத்துழைத்திருக்கலாம்.