பூட்டுன பைலு எப்டி சார் போச்சு?

...பின்ன இன்னா சார், பூட்டு போட்ட பைலு சொம்மா காத்துல பறந்து போச்சா? குந்து, குந்து. அந்த சேர் வேணாம், காலு ஆடும். காலைல போன் போட்டேன், இப்ப வர. இன்னாது, டிராபிக்கா? டிராபிக்கே நம்மளாலதான் சார்! எண்ணூர் ஹைரோட்டுல டிரெய்லருங்க வரிசையா நின்னுகினு கீதே, அத்தினியும் நம்ம யார்டுக்கு வந்த வண்டிங்க. எந்தக் கண்டெய்னரு எந்த அடுக்குல கீதுன்னு சொல்ற பைலு காணாப்பூடுச்சு. டிரைவருங்க என் அம்மா ஆத்தாவ ஒருத்தர வுட்டு வைக்கல.

யூனிக்ஸு மிஷினு, கில்லி மாரி காப்பாத்தும்னு சொல்லித்தானே உங்க கம்பெனி ஆளுங்க இந்தக் கம்ப்யூட்டர எங்க தலைல கட்டுனாங்க? நானும் பூட்டி வச்சிருந்தேன் சார். எல்லாரும் படிக்கலாம், ஒருத்தனாலயும் எயுத முடியாது. நான் எயுதணும்னாகூட பூட்ட கய்ட்டி, எயுதி, திரும்பப் பூட்டுவேன். அப்டி இருந்தும் போச்சுன்னா? குணசுந்தரி வேலதான். அதான் சார், ஜன்னலோரமா டைப் அடிச்சிகினு இருக்குமே, விம்கோ நகர் பொண்ணு. நேத்து சாயந்தரம் கடேசியா மிஷின் முன்னால இருந்தது அது. இன்னிக்கி காலைல மொதலாளி கைல நேராவே சொல்லிட்டேன். அவரு, "பைலு வந்தா நீ வா, இல்லாங்காட்டி வராத"ன்னு அனுப்சிட்டாரு. பாவந்தான், இல்லேன்னு சொல்லல. புருசனுக்கு வேல கெடையாது, அது சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. அய்துகினே போச்சு. எனுக்கும் மனசு கேக்கல. ஆனா தப்புன்னா தப்பு சார்!

இன்னா கேட்ட? பைலுங்கள வச்சிருக்கற டைரக்டரில எயுதற உரிமை யாருக்கு கீதுன்னா? எல்லாருக்குந்தான். நான்தான் தொறந்து வுட்டேன். பின்ன? "அண்ணே, இத்த சேவ் பண்ண முடியல, அண்ணே, அத்த வைக்க முடியல"ன்னு நிம்மதியா சோறு துன்ன வுடுதுங்களா? போய்த் தொலைங்கன்னு தொறந்துட்டேன். அதுக்கும் பைலுக்கும் இன்னா சம்மந்தம்? பைலு மேலதான் பூட்டு கீதே!

இன்னாது... பைலு பூட்டு பத்தாதா? டைரக்டரில எயுத முடிஞ்சா பேர அடிச்சிரலாமா? இது இன்னா சார் நாயம்... இரு, இரு. ரேஷன் கார்டு மாரியா? என் மாமியா பச்சையம்மா பேரு வியாசர்பாடில எங்க கார்டுலயும் இருந்துச்சு, மாத்தூர்ல மச்சான் கார்டுலயும் இருந்துச்சு. செக்கிங் வந்தவன் எங்க கார்டுல அடிச்சிட்டான். மாமியாவயா கேட்டான்? கார்டு அவன் கைல, பேனா அவன் கைல. பேர அடிச்சா கெய்வி செத்தா பூட்டா? மாத்தூர் கார்டுல சக்கர வாங்கிகினு குண்டுக்கல்லு மாரி கீது. அந்தச் சக்கரைல எனுக்கு ஒரு டீ கெடையாது, அது வேற கத...

அப்ப யார் வேணா தூக்கியிருக்கலாமா? நேத்து மதியானம் நம்ம ஆபீஸ் பையன் தமீம் வந்து, "டிஸ்க் ரொம்பிப் போச்சுண்ணே, பழசெல்லாம் கூட்டித் தள்றேன்"னான். நடுவுல, "மிஷினு ஏதோ பூட்டு கீதுன்னு கேக்குதுண்ணே"ன்னான். எத்த கேட்டாலும் ஆமான்னு அமுக்குடான்னேன். வஞ்சிர மீன் கொயம்பு சார், ஆறிப் பூடும்...

மதியானமே போச்சுன்னா, சாயந்தரம் வரிக்கும் குணசுந்தரி எத்த பாத்து வேல செஞ்சுதுன்னா கேக்கற? கரீட்டா புட்ச்ச! அங்கதான் கீது திருட்டு. குணசுந்தரியோட டைரக்டரில பாத்தேன், அதே பைலு! அதே சைசு, அதே தேதி, பூட்டுகூட நான் போட்ட அதே பூட்டு! காப்பி எட்த்து வச்சிகினு கீது சார்.

காப்பி இல்லியா? லிங்க்கா? போன தபா வந்தப்ப நீயே போட்டுக் குடுத்தியா? ஒரே பைலுக்கு ரெண்டாவது பேரா... அட, அத்தத்தான் போறப்ப வாசல்ல நின்னு, "அண்ணே, என் டைரக்டரில கீதுண்ணே, பாருங்கண்ணே"ன்னு சொல்லிச்சு. நான், மாட்டிகினு ஒத்துக்குதுன்னு நென்ச்சேன்.

ஏன் சார் சிரிக்கற? சொம்மா கீபோர்டுல தட்டித் தேடாத, அங்க இல்ல. அந்தப் பொண்ணு கேட்டத் தாண்டுறதுக்குள்ள, எல்லாத்தயும் தொறக்கற ரூட் பாஸ்வேர்டு போட்டு அந்தப் பேரயும் நானே அடிச்சிட்டேன். கம்பெனி சரக்கு வெளிய பூடுச்சுன்னா? உஜாரா இருக்கணும்ல?

பேக்கப்பா? மாத்து காப்பி எடுக்கற டேப் மிஷினு ரிப்பேரு சார். போன மாசமே உங்க கைல சொன்னேனே... சொல்லல? சொல்லணும்னு நென்ச்சிகினே இருந்தேன்.

இன்னா சார் அப்டி பாக்கற? நான் இன்னா பண்ணேன்? தமீம் அமுக்குனான். நீ லிங்க் போட்ட, எனுக்கு ஒரு வார்த்த சொல்லல. அந்தப் பொண்ணு அய்துகினே சொன்னா எனுக்கு இன்னா புரியும்?

பேக்க ஏன் மூட்ற? டீ சொல்லிகீறேன், குந்து... சார், வாசல் இந்தாண்ட. அது மொதலாளி ரூமு சார்... கதவத் தட்டாத சார்... சார்!